பலகையில் ஒன்பது

11

அம்மா போய் ஆறு மாதம் ஆகிறது. எங்களை வேலை வாங்குவதை மட்டும் அவள் இன்னும் நிறுத்தவில்லை.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து ஒரு போன் வந்ததைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். கூப்பிட்டவர் மடக்கு டீச்சர். அம்மாவின் கை கால்களை இருபத்தாறு வருடம் 'மடக்குங்க, நீட்டுங்க' என்று படுத்தி எடுத்த பயிற்சியாளருக்கு அம்மா வைத்த பெயர் அது. அவரிடம் போகும் நோயாளிகள் மாதத்துக்கு ஓர் அட்டையில் அன்றன்றைய வலியைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பழைய அட்டைகளையெல்லாம் வெள்ளிக்கிழமை கிழித்துப் போடப் போகிறார்களாம். அம்மாவுடையது வேண்டுமானால் அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற அப்பா வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வேண்டும் என்று சொன்னவர் அவர். போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டியவள் நான். எங்கள் வீட்டு வேலைப் பங்கீடு என்றைக்கும் இந்த லட்சணம்தான்.

அப்பாவுக்கு அட்டைகள் எதற்கு என்று கேட்பீர்கள். சனிக்கிழமை மருத்துவமனையில் முடக்குவாத நோயாளிகள் ஒன்றுகூடுகிறார்கள். அம்மாவைப் பற்றி யாராவது அரைப் பக்கம் எழுதி வந்து படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்பா முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு பத்து நாளாகிறது. முதல் வாக்கியத்தை இன்னும் தாண்டவில்லை.

'என் மனைவி முப்பது வருடம் நான்கு மாதம் நோயுடன் வாழ்ந்தாள்' என்பது அந்த வாக்கியம். அதற்கு மேல் எழுத அவருக்குக் கணக்கு தேவைப்பட்டது. பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியே பழகிய கை. எழுதினால் சரியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் எழுதவே கூடாது என்பது கட்சி. அம்மாவுக்கு ஒன்பது வந்த நாட்கள் எத்தனை, இரண்டு வந்த நாட்கள் எத்தனை என்று தன்னுடைய நோட்டுகளையும் அந்த அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கப் போகிறாராம். வியாழக்கிழமை நாலு மணிக்கு உட்காரலாம் என்று எனக்கு நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

ஒன்பது, இரண்டு என்றால் என்னவென்று புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு நோய் வந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு, தம்பிக்கு ஏழு. பத்துக்கு எத்தனை வலி என்று டாக்டர் கேட்பாரே, அதை அம்மா வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தாள். தினமும் காலையில் ஒரு எண் சொல்வாள். சமையலறைச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை. அப்பா அதில் எழுதுவார். அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு வீடு நடக்கும்.

மூன்றும் அதற்குக் கீழும் என்றால் அம்மா சமைப்பாள். நாலிலிருந்து ஆறு வரை அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்வாள், நான் நறுக்குவேன். ஏழு வந்தால் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. எட்டு என்றால் வெளியே போகிற திட்டமெல்லாம் ரத்து. ஒன்பது என்றால் எல்லாமே ரத்து. பத்து என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் பிரசவத்துக்கு ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்வாள்.

பக்கத்து வீடுகளில் எல்லாம் தேதி கிழித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் இந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தோம். இன்றைக்கும் தம்பிக்குத் தலைவலி என்றால் 'அஞ்சு' என்கிறான். அவன் மனைவி முதல் வருடம் முழுக்கக் குழம்பிப்போனாள்.

வியாழக்கிழமை காலையில் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். மடக்கு டீச்சர் நரைத்துப் போயிருந்தார். இரண்டு காலணிப் பெட்டிகளை மேஜை மேல் வைத்தார். உள்ளே வெளிறிப்போன அட்டைகள், மாதவாரியாக நூல் போட்டுக் கட்டியவை.

அம்மா அவற்றை எப்படி எழுதினாள் என்று எனக்குத் தெரியும். விரல்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டதால் பென்சிலைப் பிடிக்க வராது. ஒரு ரப்பர் பந்தைத் துளைத்துப் பென்சிலைச் சொருகி, பந்தை உள்ளங்கையால் அழுத்தி எழுதுவாள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அட்டை எப்போதும் அவள் கைப்பைக்குள் இருக்கும். பலகைதான் கண்ணெதிரே இருக்கிறதே என்று நாங்கள் யாரும் அதை எடுத்துப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது டீச்சர் சும்மா இல்லாமல் ஒன்று சொன்னார்.

"உங்க அம்மா மாதிரி நேர்மையா எழுதினவங்க யாரும் இல்லம்மா. முதல் நாளே சொல்லிட்டேன், இங்க பொய் எழுதினா மருந்து அளவு தப்பாயிடும்னு. வீட்டுல என்ன வேணா சொல்லிக்கிறேன், இங்க சரியா எழுதுறேன்னாங்க."

வீட்டில் என்ன வேண்டுமானாலும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் சிரித்தார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

பெட்டிகளோடு கடைக்கு வந்தேன். நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பவர் போட்டு வரும் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது என் வேலை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் தேய்க்கிற மெஷினும் நானும். அன்றைக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி அவசரம் என்று முதலாளி வரச் சொல்லியிருந்தார். அரை நாள் விடுப்பு என்பது இவ்வளவுதான்.

இரண்டையும் முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஞாபகம் இருக்கிற தேதிகளைத் தேடினேன்.

தம்பியின் கல்யாணம். அன்று பலகையில் இரண்டு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நாங்கள் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். வாசலில் நாலு மணி நேரம் நின்று, வந்தவர்களையெல்லாம் மணிக்கட்டைக் கூப்பி வரவேற்றாள். அட்டையில் அன்றைக்கு ஒன்பது.

என் கடைசிப் பரீட்சை நடந்த மாதம். பலகையில் மூன்றைத் தாண்டியதே இல்லை. அட்டையில் ஏழு, எட்டு, எட்டு, ஏழு. அந்த மாதம் முழுக்க எனக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன், அதில் உப்பு அதிகம் இதில் காரம் குறைவு என்று குறை வேறு சொன்னேன்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே நேரம் மூக்குக்கு மேல் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எட்டு என்று சொல்லியிருந்தால் கஞ்சி குடித்துவிட்டுப் படித்திருப்பேன். இப்படி ஒளித்துவைத்துச் செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தால் நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

இன்னும் புரட்டினேன். அழுகை நின்றுவிட்டது. ஏனென்றால் அம்மா கீழ்நோக்கி மட்டும் பொய் சொல்லவில்லை.

சித்தப்பா குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்குவதாக எழுதியிருந்தார். பலகையில் ஒன்பது வந்தது, அவர் வரவில்லை. அட்டையில் மூன்று. தம்பி மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றபோது பலகையில் எட்டு. அம்மாவை இந்த நிலைமையில் கவலைப்பட வைக்காதே என்று அப்பா அவனை விரட்டி விரட்டித் திட்டினார். அட்டையில் இரண்டு.

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். யார் வீட்டுச் சமையலறையிலோ ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு குசுகுசுவென்று பேசினான். மோட்டார் சைக்கிள் விவரத்தைச் சொன்னேன். கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தான். அந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்திருக்க வேண்டும், இருமி மழுப்பினான்.

அவன் சிரிக்கச் சிரிக்க எனக்கு அந்தத் தேதி ஞாபகம் வந்தது. அதை நான் வேண்டுமென்றே தேடாமல் இருந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பதினேழு வருடத்துக்கு முன்னால், லென்ஸ் தயாரிக்கும் ஒரு பெரிய கம்பெனி நாலு பேரைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு இரண்டு வருடப் பயிற்சிக்கு அனுப்பியது. நாலில் ஒருத்தி நான். பத்து நாளில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். கடிதம் வந்த நாலாம் நாள் பலகையில் ஒன்பது. மறுநாளும் ஒன்பது. ஏழு நாள் தொடர்ந்து ஒன்பது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி வந்ததே இல்லை. நான் கடைக்குப் போகாமல் வீட்டிலிருந்து அவளுக்கு ஊட்டிவிட்டேன், துடைத்துவிட்டேன். ஏழாம் நாள் மாலை, வர இயலாது என்று எழுதித் தபாலில் போட்டேன்.

அந்தக் கடிதம்தான் என் வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் வேண்டாம் என்றது என் சொந்த முடிவு, அதில் யாருக்கும் பங்கில்லை. ஆனால் இந்தப் பின்பக்க அறையில் அடுத்தவர் தயாரித்த லென்ஸைத் தேய்த்துக்கொண்டு நாற்பத்திரண்டு வயதில் உட்கார்ந்திருப்பது அந்த ஏழு நாளால்தான். அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்ற ஒரு நினைப்பு எனக்கு உண்டு. பெருமையாக வெளியே சொல்லிக்கொண்டதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அந்த மாதத்து அட்டையை உருவினேன். இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு.

அதற்கு மேல் பார்க்கவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மெஷினில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

போனில் தம்பி இன்னும் இருந்தான். என்னக்கா, என்னக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அக்கா, அப்பாகிட்ட அந்த அட்டையைக் காட்டாத. அந்த ஏழு நாளும் அவர் லீவு போட்டுட்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தாரே. அது நடிப்புன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. மத்ததைக் குடு. அதை மட்டும் எடுத்துடு."

என் கோபம் என்ன ஆவது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மா என்னை ஏமாற்றினாள் என்பது ஒன்று. முப்பது வருடம் அவள் சொன்ன எண்ணை நம்பி, அதற்கேற்ப எழுந்து உட்கார்ந்த மனுஷனிடம் போய் அதெல்லாம் பொய் என்று சொல்வது வேறு. சனிக்கிழமை அவர் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு அப்பா தயாராக இருந்தார். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, தன் நோட்டுகளை அடுக்கி, ஸ்கேல் பென்சில் எல்லாம் வைத்து, சட்டை வேறு மாற்றியிருந்தார். பெட்டிகளைக் கொடுத்தேன். காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குள் நழுவினேன். பலகை இன்னும் அங்கேதான் மாட்டியிருக்கிறது. கடைசியாக எழுதிய எண்ணை அப்பா அழிக்கவிடவில்லை.

காப்பி கொதிப்பதற்குள் கூப்பிட்டார்.

"முந்நூத்திப் பன்னெண்டு இருக்கணும். முந்நூத்திப் பதினொண்ணுதான் இருக்கு."

பாதிப் பேர் தங்கள் வயதையே மறந்துவிடுகிற காலத்தில் எனக்கு வாய்த்தவர் இப்படி. டீச்சர் தொலைத்திருப்பார் என்றேன். அப்பா எந்த மாதம் குறைகிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பஸ் லேட்டாக வந்ததற்குக் காரணம் சொல்லும் டிரைவரை அப்படித்தான் பார்த்திருப்பார்.

"அது உன்கிட்ட இருக்கு," என்றார்.

இல்லை என்றேன். என்னிடம் எதற்கு இருக்கப் போகிறது என்றேன். அட்டை இல்லாவிட்டால் என்ன, உங்கள் நோட்டைப் பார்த்து எழுதினால் ஆகாதா என்று எரிந்து விழுந்தேன். அப்பா நோட்டு அடுக்கிலிருந்து நடுவே ஒன்றை உருவி, ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்த நோட்டுகளை நான் அதுவரை திறந்து பார்த்ததில்லை. பலகையில் எழுதும் எண்ணைத்தான் அதிலும் எழுதிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தோம். அதில் ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணும் இல்லை. தேதி, அதற்கு நேரே நிமிடம், வினாடி. ஒரு நாள் நாலு நிமிடம் பத்து வினாடி. ஒரு நாள் ஆறு நிமிடம். ஒரு நாள் ஐம்பது வினாடி. அவள் வெளியே போன நாட்களில் போன நேரமும் வந்த நேரமும் வேறு.

"அஞ்சு நாற்பதுக்கு எழுந்திரிப்பா. கட்டில்லேருந்து அடுப்படிக்குப் பதினொரு அடி. எவ்வளவு நேரமாகுதுன்னு பார்ப்பேன். அதைத்தான் எழுதினேன். அவ வாயால சொல்றதை என்னிக்கு நம்பினேன்?"

எல்லாம் தெரிந்தே பலகையில் எழுதியிருக்கிறார். கல்யாண நாள் காலையில் அம்மா இரண்டு என்று சொன்னபோது, அந்தப் பதினொரு அடிக்கு ஏழு நிமிடம் ஆனதைப் பார்த்துவிட்டு இரண்டு என்று எழுதியிருக்கிறார். சித்தப்பா கதையைக் கேட்டேன். தன் தம்பிதான் என்றாலும் அந்த ஆள் வந்தால் லேசில் கிளம்பமாட்டான், அது இரண்டு பேரும் பேசிச் செய்தது என்றார். வெட்கமே இல்லாமல் சொன்னார்.

நான் மட்டும்தான் முட்டாளா என்று நினைத்துக்கொண்டே என் விரல் அந்த மாதத்துக்குப் போனது. அந்த ஏழு நாளுக்கும் அவர் எழுதியிருந்தார். ஐம்பது வினாடி. நாற்பத்தைந்து. நாற்பது. ஐம்பத்தைந்து. நாங்கள் எழுவதற்கு முன்பே எழுந்து, நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொண்டிருக்கிறாள்.

கைப்பையைத் திறந்து அட்டையை மேஜை மேல் போட்டேன். நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று இதைத் திருடி ஒளித்துவைத்தேன், எனக்கு இது தேவைதான் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், நான் அவளுக்கு ஊட்டிவிட்டதையும் பார்த்தீர்கள், அவள் நடந்து போனதையும் பார்த்தீர்கள், ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டேன். அம்மாவுக்கு நான் அவ்வளவு வேண்டாதவளா, என்னை இங்கேயே போட்டுவைக்க ஏழு நாள் நடிக்கிற அளவுக்கு என்ன செய்துவிட்டேன் என்றும் கேட்டேன்.

அப்பா ஸ்கேலை நோட்டின் ஓரத்துக்கு நேராக வைத்தார். மறுபடியும் எடுத்து வைத்தார்.

"அவளைச் சொல்லாத. ஒன்பதுன்னு சொல்லச் சொன்னது நான்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவ உன்னைப் போகச் சொன்னா. பெட்டி வாங்கக்கூட ஆள் விட்டுட்டா. அதுக்கு முந்தின மாசம் குளியலறையில விழுந்தா பாரு, என்னால தூக்க முடியல. நான் தொட்ட இடமெல்லாம் வலிக்குதுன்னு கத்தினா. நீ வந்துதான் தூக்கின. நீ போயிட்டா நான் ஒத்தையாளா என்ன பண்ணுவேன்னு பயம் வந்துடுச்சு. ஒன்பதுன்னு சொல்லுன்னேன். முடியாதுன்னா. மூணு நாள் கெஞ்சினேன். அழுதேன். அப்புறம்தான் படுத்தா."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால்கூட, எத்தனை மணிக்கு மூச்சு நின்றது என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டாரே தவிர அழவில்லை. எனக்கு இருந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. பயமாக இருக்கிறது, போகாதே என்று என்னிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதுமே. இருந்திருப்பேனோ, போயிருப்பேனோ. முடிவு என்னுடையதாக இருந்திருக்கும். வலியில் கிடப்பவளைப் பிடித்து அவள் மேல் இன்னொரு வலியை எழுதி வைத்துவிட்டார், அதற்கு நான் பதினேழு வருடமாக அவளை மனதுக்குள் நொந்துகொண்டிருக்கிறேன். அவளுக்கு ஊட்டிவிடும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்ததற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது.

இதை ஒரு நாளாவது என்னிடம் சொல்ல நினைத்தாளா என்று கேட்டேன்.

தெரியாது என்றார் அப்பா. அந்த வாரத்தைப் பற்றிப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லையாம். சொல்லிக்கொண்டே, பழக்க தோஷம், அட்டையை எடுத்துத் தன் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார். உலகமே இடிந்தாலும் இந்த மனுஷன் சரிபார்ப்பார். முதல் நாள், இரண்டாம் நாள் என்று விரல் ஊர்ந்துகொண்டே போய் எட்டாம் நாளில் நின்றது.

"இதென்ன, ஒன்பது போட்டிருக்கா?"

எட்டாம் நாள் பலகையில் நாலு. எனக்குத் தெரியும். ஏழு நாள் ஒன்பதாக இருந்தது, கடிதம் போட்ட மறுநாளே நாலாக இறங்கிவிட்டதே என்று அன்றைக்கு நான் நொந்துகொண்டு கடைக்குப் போனேன். அட்டையில் சாய்ந்த எழுத்தில் ஒன்பது இருந்தது. ஓரத்தில் மடக்கு டீச்சரின் பொடி எழுத்து. அப்பாவின் கண்ணுக்கு எட்டவில்லை. நான் வாங்கிப் படித்தேன்.

'செவ்வாய். பயிற்சிக்கு வரவில்லை. மகளின் பயிற்சி விஷயமாக லென்ஸ் கம்பெனிக்குப் போய் வந்ததாக மாலையில் போனில் சொன்னார். மாடி ஏறியதால் முழங்கால் வீக்கம். மருந்து கூட்டப்பட்டது.'

அப்பா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தன் நோட்டில் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதியிருந்ததை நான் தலைகீழாகவே படித்தேன். போனது ஒன்பது பத்து, பயிற்சி. வந்தது ஒன்று நாற்பது.

"எப்பவும் பதினொண்ணேகாலுக்கு வந்துடுவா," என்றார். "ரெண்டு மணி இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு. எழுதி வச்சிருக்கேன். ஏன்னு கேக்கல."

அந்தக் கம்பெனி எனக்குத் தெரியும். இரண்டு பஸ் மாற வேண்டும். ஆபீஸ் மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. நேர்முகத் தேர்வுக்குப் போன அன்றைக்கு, இருபத்தைந்து வயதில், நானே நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். ஏறுவதற்குக் கைப்பிடியை விரல் மடக்கிப் பிடிக்க முடியாதவள் அதில் எப்படி ஏறினாள்? ஏறிப் போய் யாரிடம் என்ன சொன்னாள்? அவர்கள் என்ன பதில் சொல்லி அனுப்பினார்கள்? எனக்கு அங்கிருந்து அதற்குப் பிறகு ஒரு காகிதமும் வரவில்லை. வரவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறேன்.

அப்பாவைப் பார்த்தேன். எனக்கு ஏதாவது கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. சட்டைப் பையில் கைவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

"அப்பா, எழுந்திரிங்க," என்றேன். "செருப்பைப் போடுங்க. அந்த ஆபீஸ் இன்னும் அங்கதான் இருக்கு. நீங்க சொல்ல மாட்டீங்க, அவங்களாவது சொல்லட்டும்."

இப்போதே மணி நாலு ஐம்பது, போய்ச் சேர ஆறாகிவிடும் என்றார். முழங்கால் வேறு இரண்டு நாளாகச் சரியில்லை என்றார்.

"மெதுவா ஏறலாம்," என்றேன். "மூணு மாடிதான்."